எல்லையைத் தொட்டுத் திரும்பினால் நாட்கணக்கு புதிதாகுமா?

சுற்றுலாவுக்கென்று ஒரு நாட்டுக்குள் வந்தவர், தங்க அனுமதித்த நாட்கள் தீரும் தறுவாயில் பக்கத்து நாட்டுக்குள் கால்வைத்துவிட்டு அன்றே திரும்புகிறார். வாசலில் அவருக்கு மறுபடியும் முழு அளவில் நாட்கள் கிடைக்கின்றன. அவரைப் புதிதாக வந்தவர் என்று கொள்வதா, ஏற்கெனவே இருந்தவர் என்று கொள்வதா? சட்ட அறிஞர்கள், தத்துவவாதிகள், சுற்றுலா அமைச்சகங்கள், காவல்துறைகள் என்று பலரும் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை. ஒரே நாட்டில்கூடப் பத்தாண்டுக்குள் இரண்டு மூன்று பதில்கள் மாறி மாறி ஆட்சி செய்திருக்கின்றன. தென்கிழக்காசியாவில் இதற்கு விசா ரன் என்று பெயர். துபாயில் விசிட் விசாவில் வேலை தேடும் நம்மவர்கள் விசா சேஞ்ச் என்பார்கள்.

இந்தப் பழக்கத்தைப் பயணியின் தந்திரமாக மட்டும் பார்ப்பது வழக்கம். அந்தப் பார்வை பாதி உண்மைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒவ்வொரு நுழைவுக்கும் நாட்களைப் புதிதாக எண்ணத் தொடங்கும் விதிதான் இந்த ஓட்டத்தை உண்டாக்குகிறது. எண்ணும் முறையைத் திருத்தாமல், மிச்சத்தை வாசலில் நிற்கும் அதிகாரியின் விருப்பத்துக்கு விடும் அரசு, தான் எடுக்க வேண்டிய முடிவின் சுமையைப் பயணியின் தலையில் ஏற்றுகிறது. இதை அதிகம் காட்டித்தரும் நாடு தாய்லாந்து என்பதால் அதையே நடுவில் வைத்துப் பிற நாடுகளை ஒப்பிடலாம்.

பாலத்தின் இரு பக்கமும் நடப்பது என்ன

தாய்லாந்தின் வடகோடியில் மே சாய் என்ற ஊர். சிறிய ஆறு ஒன்றின் மேல் பாலம். அக்கரையில் மியான்மரின் தாச்சிலெய்க். பல ஆண்டுகள் அங்கே நடந்த வழக்கம் இது: தாய்லாந்து அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை வாங்கிப் பாலத்தை நடந்தே கடப்பார்கள். மியான்மர் பக்கத்தில் 10 டாலரோ 500 பாட்டோ கட்டணம். டாலராக இருந்தால் மடிப்போ கறையோ இல்லாத நோட்டாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அங்கேயே வைத்துக்கொண்டு ஒரு தற்காலிகச் சீட்டைக் கொடுப்பார்கள். கடைத்தெருவைச் சுற்றிவந்து சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் பாஸ்போர்ட் கைக்கு வரும். மறுபடி பாலம், மறுபடி தாய்லாந்து முத்திரை. தெற்கே ரனோங்கில் இதே காரியம் படகில் கௌதாங்குக்குப் போய்வருவதாக நடந்தது. கிழக்கே அரண்யப்ரதேத்–பொய்ப்பெட் வாசலில் கம்போடியா. தெற்கு எல்லையில் சடாவோ, பாடாங் பெசார் வழியே மலேசியா. பாங்காக்கிலிருந்தும் பட்டாயாவிலிருந்தும் இதற்கென்றே வேன்கள் ஓடின. எல்லை ஊர்களின் வருமானத்தில் ஒரு பங்கு இந்த முத்திரையைச் சார்ந்தே இருந்தது.

இந்தச் சுற்றில் அரசுக்குத் தெரியவருவது என்ன என்று பார்க்க வேண்டும். போனவர் ஏன் தங்குகிறார், எதை வைத்துப் பிழைக்கிறார், எங்கே குடியிருக்கிறார் என்ற எதுவும் பாலத்தைக் கடப்பதால் வெளிச்சத்துக்கு வருவதில்லை. அவர் உயிரோடு இருக்கிறார், செலவுக்குக் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறார் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கொரோனா காலம் இதை வேறு விதத்தில் காட்டியது. 2020இல் எல்லைகள் மூடியபோது தாய்லாந்து அரசு, நாட்டுக்குள் சிக்கியிருந்த வெளிநாட்டவரின் தங்கும் அனுமதியைத் தானாகவே நீட்டித்து, அந்தச் சலுகையைச் செப்டம்பர் 26 வரை கொண்டுசென்றது. யாரும் எல்லை தாண்டவில்லை. நிர்வாகம் நின்றுபோகவும் இல்லை. இன்றும் குடியேற்றத் துறை அலுவலகத்தில் 1,900 பாட் கட்டிச் சுற்றுலா அனுமதியை நீட்டிக்கும் வசதி உண்டு. ஆக, எல்லை தாண்டுவது நிர்வாகத் தேவையாக இல்லை. எண்ணும் முறையிலிருந்து முளைத்த பழக்கமாகவே தெரிகிறது.

வருகைக்கும் வசிப்புக்கும் இடையே: பழைய விவாதம்

அந்நியர் ஒரு நாட்டுக்குள் வரலாமா என்ற விவாதத்துக்கு ஐரோப்பிய எழுத்தில் நீண்ட மரபு உண்டு. 1539இல் சலமாங்காவில் ஸ்பானிய இறையியலாளர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா ஆற்றிய உரைகள், தீங்கு செய்யாத பயணி எங்கும் போகலாம், தங்கலாம் என்பதை மனிதர் அனைவருக்கும் பொதுவான உரிமையாகச் சொன்னன. அந்த உரிமை எந்தச் சூழலில் பேசப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. ஸ்பானியர் அமெரிக்காவில் கால்பதித்ததற்கு என்ன நியாயம் என்ற கேள்விக்கான பதிலில் அது இடம்பெற்றது. வலியவன் கையில் பயண உரிமை என்ன ஆகும் என்பதற்கு அடுத்த நூற்றாண்டுகள் சாட்சி. 1758இல் சட்ட அறிஞர் எமெர் தெ வத்தெல் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்: யாரை விடுவது, என்ன நிபந்தனையில் விடுவது என்பது இறையாண்மை கொண்ட அரசின் முடிவு. 1892இல் நிஷிமுரா எகியு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையே சட்டமாக உறுதிசெய்தது. 1948இன் மனித உரிமைப் பிரகடனமும் 13ஆம் பிரிவில் எந்த நாட்டையும் விட்டு வெளியேறும் உரிமையையும் சொந்த நாட்டுக்குத் திரும்பும் உரிமையையும் தந்ததே தவிர, பிறநாட்டில் நுழையும் உரிமையைத் தரவில்லை.

இரண்டுக்கும் நடுவே நின்றவர் இம்மானுவேல் காண்ட். 1795இல் அவர் வகுத்த நிலை நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. அந்நியருக்குப் பகையின்றி வரவேற்கப்படும் உரிமை, அதாவது வந்துபோகும் உரிமை உண்டு. வீட்டாரில் ஒருவராகத் தங்கிவிடும் உரிமை கிடையாது, அதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்றார். இந்தக் கட்டுப்பாட்டை அவர் வைத்தது வறியவரைத் தடுக்க அல்ல. வணிகம் என்ற பெயரில் பிறர் நாட்டில் நுழைந்து அதை வசப்படுத்திய ஐரோப்பிய அரசுகளை மனத்தில் வைத்தே எழுதினார். சீனாவும் ஜப்பானும் அந்நியரைக் கட்டுப்படுத்தியது அறிவுடைமை என்றும் சொன்னார். பணக்கார நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வருமானம் குறைந்த நாடுகளில் மாதக்கணக்கில் தங்கும் இன்றைய நிலைக்கு அந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும்.

காண்டின் பிரிவினையில் ஒரு இடைவெளி இருக்கிறது. வருகை எத்தனை முறை நடக்கலாம், இரண்டு வருகைகளுக்கு நடுவே எவ்வளவு காலம் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவர் காலத்துப் பயணத்தின் வேகத்தில் அது கேள்வியாகவே எழவில்லை. அறுபது அறுபது நாளாகக் கோத்த ஆறு வருகைகள் ஓர் ஆண்டின் வசிப்பாகிவிடும். எந்தத் தனி வருகையும் வரம்பை மீறியிருக்காது. கூட்டிப்பார்த்தால் மட்டும் மீறல் தெரியும். அப்படிக் கூட்டிப்பார்க்க வேண்டுமா கூடாதா என்பதில்தான் இன்றைய சட்டங்கள் பிரிகின்றன.

தாய்லாந்து: மாறிமாறி வந்த விடைகள்

2006 அக்டோபரில் தாய்லாந்து கூட்டிப்பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. விசா இல்லாமல் வருவோர் ஆறு மாதத்தில் மொத்தம் 90 நாள் மட்டுமே தங்கலாம் என்றது. 2008 இறுதியில் அது போனது. பதிலாக, தரை எல்லை வழியே வருவோருக்கு 30 நாளுக்குப் பதில் 15 நாள்தான் என்றானது. மொத்தத்தை எண்ணுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஓட்டத்தின் பலனைக் குறைத்தார்கள். ஓடியவர்கள் நிற்கவில்லை, இரட்டிப்பாக ஓடினார்கள். 2013 நவம்பரில் ஜி-7 நாட்டவருக்கு மட்டும் தரைவழியிலும் 30 நாள் திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மே மாதமே, வெளியே போன கையோடு உள்ளே வருவோரைத் திருப்பி அனுப்பும் நடவடிக்கை தொடங்கியது. சுற்றுலா என்று சொல்லி வேலை பார்ப்பவர்களே குறி என்று அதிகாரிகள் விளக்கினார்கள். 2016இன் கடைசி நாளிலிருந்து, விசா இன்றித் தரைவழியே வருவது ஓர் ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் ஆகாது என்று விதி வந்தது.

பெருந்தொற்றுக்குப் பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2024 ஜூலை 15 முதல் இந்தியா உட்பட 93 நாடுகள், ஆட்புலங்களின் மக்களுக்கு விசா இன்றி 60 நாள் என்று அறிவித்தார்கள். அதே சமயத்தில் டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா என்ற ஒன்றும் வந்தது: ஐந்து ஆண்டு செல்லுபடி, ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள், கட்டணம் 10,000 பாட், கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினியில் வேலை பார்ப்பவர்களுக்காகத் திறந்த கதவு என்று இதைக் கொள்ளலாம். ஆனால் இந்த விசாவிலும் 180 நாள் தீர்ந்தபின் எல்லை தாண்டித் திரும்பினால் புதிதாக 180 நாள் கிடைக்கிறது. விசா ரன்னைத் தேவையற்றதாக்கும் நோக்கத்தோடு வந்த விசாவுக்குள்ளேயே விசா ரன் குடிபுகுந்துவிட்டது. 2025 நவம்பரில் குடியேற்றத் துறை மீண்டும் கடுமை காட்டியது. தக்க காரணமின்றி இரண்டு முறைக்கு மேல் இப்படி வந்துபோவோரைத் திருப்பி அனுப்பலாம் என்றும், அவ்வாண்டில் சுமார் 2,900 பேர் ஏற்கெனவே மறுக்கப்பட்டதாகவும் சொன்னது. இம்முறை காரணமாகக் காட்டியது இணைய மோசடிக் கும்பல்களை.

இத்தனை மாற்றங்களுக்கும் பின்னால் தீராத ஓர் இழுபறி இருப்பதாகத் தோன்றுகிறது. சுற்றுலா வருமானத்தை நம்பும் பொருளாதாரத்துக்கு நீண்ட நாள் தங்கிச் செலவழிப்பவர் வேண்டும். 2019இல் அந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 4 கோடி. அந்த அளவை மீட்பது அரசின் கனவு. அத்தகைய வருகைக் கணக்கு நுழைவுகளைத்தான் எண்ணுகிறது, ஆட்களை அல்ல என்பதும் கவனத்துக்குரியது. காவல்துறைக்கோ யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். இரண்டு தேவைகளும் நியாயமானவை. அவற்றைச் சட்டத்தில் சமரசம் செய்யாமல் எல்லைச் சாவடியில் சமரசம் செய்ய முயன்றதே கோளாறு.

கூட்டிக் கணக்கிடும் முறை

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதி இதற்கு நேர் எதிரான வழியில் போனது. அங்கும் முதலில் ஓட்டை இருந்தது. முதல் நுழைவு தேதியிலிருந்து ஆறு மாதத்தில் மூன்று மாதம் என்பது பழைய விதி. ருமேனியர் ஒருவர் தொடர்பான ‘போட்’ (Bot) வழக்கில், 2006 அக்டோபர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதன் பொருளை ஆராய்ந்தது. ஆறு மாதம் முடிந்தபின் நடக்கும் முதல் வருகையையும் முதல் நுழைவாகவே கொள்ள வேண்டும் என்றது. ஒரு காலக்கட்டத்தின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் அடுத்தடுத்துத் தங்க இது இடம் தந்தது. அது பிடிக்காவிட்டால் விதியைத் திருத்த வேண்டியது சட்டம் இயற்றுவோர் வேலை என்பது நீதிமன்றத்தின் நிலை. பயணியின் உள்நோக்கத்தை அது பழிக்கவில்லை. திருத்தமும் வந்தது. 2013 அக்டோபர் 18 முதல், எந்த நாளில் நின்று பார்த்தாலும் அதற்கு முந்தைய 180 நாளில் தங்கியது 90 நாளைத் தாண்டக் கூடாது. வந்த நாளும் போன நாளும் கணக்கில் சேரும். இந்த ஒரு மாற்றத்தால், எல்லையைத் தொட்டுவிட்டு வருவது அங்கே பயனற்றதாகிவிட்டது.

அமெரிக்கா கொஞ்சம் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. விசா விலக்குத் திட்டத்தில் 90 நாள் பெற்று வந்தவர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ பக்கத்துத் தீவுகளுக்கோ போய்வந்தால், அங்கே கழித்த நாட்களும் பொதுவாக அந்த 90க்குள் அடங்கும். எல்லை தாண்டியும் கடிகாரம் நிற்பதில்லை.

இம்முறையின் பலம் தெளிவு. பயணி வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்; அதிகாரிக்கும் அதே கணக்குதான். பலவீனமும் அங்கேதான் தொடங்குகிறது. நாட்காட்டிக்கு மனிதர்களின் வேறுபாடு தெரியாது. பேரக்குழந்தையைப் பார்க்க வந்த பாட்டியும் கள்ளத்தனமாக வேலை செய்பவரும் அதற்கு ஒன்றே. 90 நாளுக்குள் செய்யும் சட்டவிரோத வேலையை அது பிடிப்பதும் இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் பகுதியில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை, மை முத்திரையை விரல்ரேகையாகவும் முகப்பதிவாகவும் மாற்றுகிறது. கணக்குத் துல்லியமாகும். அரசின் கையில் சேரும் தனிநபர் தகவலும் பெருகும்.

நோக்கத்தைப் பார்க்கும் முறை

பிரிட்டன் மூன்றாவது வழியில் நிற்கிறது. அடிக்கடியோ அடுத்தடுத்தோ வருகை புரிவதன் மூலம் நீண்ட காலம் பிரிட்டனில் வாழக்கூடாது, அதைத் தம் முதன்மை வீடாக்கக்கூடாது என்பது வருகையாளருக்கான நிபந்தனை. ஆனால் ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற உச்சவரம்பு பொதுவிதியில் இல்லை. 12 மாதத்தில் 6 மாதம்தான் என்று பலர் நம்புவதற்கு விதியில் ஆதாரம் கிடையாது. அதிகாரி பயணத்தின் முழு வரலாற்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கேள்வியின் உயிர்நாடியை இந்த முறைதான் தொடுகிறது என்று சொல்லலாம்: இவர் வந்துபோகிறவரா, வாழ்கிறவரா என்பதை நேராகக் கேட்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சில நிமிடங்களில், வரிசையில் நிற்க வைத்து, மொழி சரளமாக வராத ஒருவரிடம் நியாயமான விடை பெற முடியுமா? தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் இதே சிக்கலைக் கொண்டது. பிழைப்புக்கு வழியில்லாதவர் என்று கருதினால் அனுமதி மறுக்கலாம் என்கிற வகையான விரிந்த காரணங்கள் அதில் உள்ளன. விசா ரன் செய்பவரைத் திருப்பி அனுப்பும்போது கைக்கு எட்டுவது இத்தகைய காரணங்கள்தான்.

இந்தியா ஒருமுறை நோக்கத்தையும் எண்ணிக்கையையும் விட்டு இடைவெளியைப் பிடித்தது. மும்பைத் தாக்குதல் விசாரணையில், அதற்கு உளவு பார்த்த டேவிட் ஹெட்லி பலமுறை வந்துபோனது வெளிப்பட்டபின், 2009 இறுதியில், சுற்றுலா விசாவில் வந்து வெளியேறியவர் இரண்டு மாதம் கழித்தே மறுபடி வரலாம் என்று விதித்தது. கோவாவிலும் ரிஷிகேஷிலும் திருவண்ணாமலையிலும் மாதக்கணக்கில் தங்கி, நேபாளத்துக்கோ கொழும்புக்கோ போய்த் திரும்புவோருக்கு அது பெரும் தடையானது. இந்தியாவை மையமாக வைத்து இலங்கையையும் நேபாளத்தையும் சுற்றிப்பார்க்க வந்த உண்மையான சுற்றுலாப் பயணிகளும் அதில் மாட்டினார்கள். 2012இல் சில நாட்டினரைத் தவிர மற்றவர்களுக்கு அந்த விதி நீங்கியது. ஒருவருடைய செயலுக்குப் பதிலாகப் பொதுவிதி செய்வதன் விலையை அந்த மூன்று ஆண்டுகள் காட்டின.

ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒருவரல்ல

இந்த விவாதத்தில் பெரும்பாலும் பேசப்படுவது மேலை நாட்டுப் பாஸ்போர்ட்டும் மடிக்கணினியும் உள்ளவர் பற்றித்தான். துபாயின் விசா சேஞ்ச் அந்தப் படத்தைத் திருத்துகிறது. விசிட் விசாவில் வந்து வேலைக்காகக் காத்திருக்கும் இந்தியரும் பிலிப்பினோக்களும் ஓமானை ஒட்டிய ஹத்தா, புரைமி எல்லைகளுக்குப் பஸ்ஸில் போவதும், ஈரானின் கிஷ் தீவுக்குப் பறந்து புது விசா வரும்வரை அங்கே நாட்களைக் கழிப்பதும் நெடுநாளைய வழக்கம். ஏஜென்ட் கட்டணம், பஸ் அல்லது விமானச் செலவு, அறை வாடகை, விசா வராவிட்டால் ஊருக்கே திரும்ப வேண்டிய அபாயம் எல்லாம் வருமானம் இல்லாதவர் தலையில் விழுகின்றன. அனுமதி தாண்டித் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். எல்லை தாண்டுவது மடிக்கணினிக்காரருக்கு ஒரு நாள் அலைச்சல். வேலை தேடுபவருக்கு அது பிழைப்பையே பணயம் வைப்பது. அமீரகம் 2022இல் வேலை தேடுவோருக்கென்றே 60, 90, 120 நாள் விசாக்களை அறிமுகப்படுத்தியது சரியான திசையில் வைத்த அடி. ஆனால் அது பட்டம் பெற்றவரையும் திறன் வாய்ந்தவரையும் நோக்கியது. விசா சேஞ்ச் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் கதவு எட்டாது.

எதிர்வாதங்கள்

எண்ணும் முறையைத் தெளிவாக்கினால் போதும் என்ற வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். தெளிவான விதி தந்திரக்காரனுக்குத் தெளிவான வழியும் காட்டும் என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் மொத்த நாட்களுக்கு வரம்பிருந்தால், அந்த வழியில் எவ்வளவு போனாலும் வரம்புக்குள்தான் போக முடியும். தெளிவற்ற விதியில் தந்திரக்காரன் ஏஜென்டைப் பிடிக்கிறான். விவரம் தெரியாத நல்லவன் சாவடியில் நிற்கிறான்.

இரண்டாவது மறுப்பு கனமானது. குற்றக் கும்பல்கள் நாள் வரம்புக்குள்ளேயே இயங்கும், அவர்களைப் பிடிக்க அதிகாரிக்கு விருப்புரிமை வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். ஆனால் மோசடிக்காரரைப் பிடிக்க மோசடிக்கான சாட்சியம் தேவை. எத்தனை முறை வந்தார் என்பது ஒரு தடயமாகலாம். அதுவே தீர்ப்பாகக் கூடாது. குற்றத்துக்கும் நீண்ட தங்கலுக்கும் ஒரே முத்திரையை மருந்தாக்கினால் இரண்டும் குணமாவதில்லை என்பதற்கு 2014க்கும் 2025க்கும் இடையே மீண்டும் மீண்டும் வந்த கெடுபிடிகளே போதிய சான்று.

மூன்றாவது, அண்டை ஊர்களின் வாழ்வு இந்த ஓட்டத்தை நம்பியிருக்கிறது என்பது. பாலத்தடியில் கடை வைத்திருப்பவரை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வாழ்வாதாரம் எவ்வளவு நொய்மையானது என்பதை 2025இல் தாய்லாந்து–கம்போடிய மோதல் காட்டிவிட்டது. வாசல்கள் மூடியதும் பொய்ப்பெட் வழி அடைபட்டது. பயணியின் தங்கும் அனுமதி, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பகையின் போக்கைச் சார்ந்து நின்றது.

இன்னும் தீராதவை

கூட்டிக் கணக்கிடும் முறையே இதுவரையுள்ளவற்றில் நேர்மையானது என்று தோன்றுகிறது. நீண்ட நாள் தங்க விரும்புவோருக்கு, அவரவர் வசதிக்கேற்பக் கட்டணம் மாறும் தனி அனுமதியும் அதோடு சேர வேண்டும். எல்லா இடத்துக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்லத் துணிய முடியாது. ஜார்ஜியா பல நாட்டவருக்கு விசா இல்லாமலே ஓர் ஆண்டு தருகிறது. மக்கள்தொகை சிறிய நாட்டுக்கு உகந்தது, பெரும் சுற்றுலா நாட்டுக்கு உகக்காமல் போகலாம்.

வேலை என்பதன் எல்லையும் இன்னும் வரையப்படவில்லை. ஐ.நா.வின் 2008ஆம் ஆண்டுச் சுற்றுலாப் புள்ளியியல் பரிந்துரைகள், வந்த நாட்டிலுள்ள நிறுவனத்திடம் சம்பளம் வாங்காமல் ஓர் ஆண்டுக்குள் திரும்புகிறவரை வருகையாளராகவே கொள்கின்றன. சியாங் மாயில் அமர்ந்து பெர்லின் நிறுவனத்துக்கு நிரல் எழுதுபவர் அந்தக் கணக்கில் வருகையாளர். வரித்துறையும் தொழிலாளர் சட்டமும் அவரை அப்படியே பார்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

காலம் சார்ந்த கேள்வியும் மிச்சமிருக்கிறது. ஓரிடத்தில் கழித்த ஆண்டுகளே ஒருவருக்கு அங்கே உரிமையைத் தரத் தொடங்குகின்றன என்று அரசியல் தத்துவவாதி ஜோசப் கேரன்ஸ் வாதிடுகிறார். அவர் மனத்தில் இருப்பவர்கள் ஆவணமின்றி உழைத்துக் குடும்பம் வளர்த்தவர்கள். எல்லை தாண்டித் தாண்டிப் பத்தாண்டைக் கழித்தவருக்கு அந்த வாதம் நீளுமா என்பது தெளிவாகவில்லை. தாய்லாந்தின் நிரந்தர வசிப்புரிமைக்குச் சுற்றுலா அல்லாத விசாவில் தொடர்ந்து மூன்று ஆண்டு இருந்திருக்க வேண்டும். விசா ரன் ஆண்டுகள் அதில் சேர்வதில்லை. அங்கேயே மணம் முடித்து, குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, வசதியின்மையாலோ அறியாமையாலோ முறையான விசாவுக்கு மாறாதவர்களின் நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதற்குக் காண்டின் பிரிவினையிலும் இடமில்லை, 180 நாள் கணக்கிலும் இடமில்லை.